சாதனைப் பெண்கள் பலகையில் யாரை வைப்பது: பதவியையா, கையெழுத்தையா?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சை வட்டாரத்தில் உள்ள ஒரு மகளிர் கல்லூரியில் பொருளியல் கற்பித்து வருகிறேன். எங்கள் நூலகத்தின் நுழைவுச் சுவரில் அரசியல், வணிகம், எரிசக்தி, தொழில்முனைவோருக்குத் துணைநிற்றல் ஆகிய நான்கு துறைகளில் முன்னின்று நடத்திய பெண்களைப் பற்றிப் பன்னிரண்டு பலகைகள் வைப்பதென முடிவாகி, அதற்கான பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

மாணவியர் கொண்டுவந்த முதற்பட்டியலில் நாற்பத்தொரு பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் முப்பதுக்கு மேற்பட்டவை 'முதல் பெண்' என்றே தொடங்குகின்றன. முதல் பெண் தலைவர், முதல் பெண் இயக்குநர், முதல் பெண் மேயர் என்று வரிசை நீள்கிறதே தவிர, அந்த நாற்காலியில் அமர்ந்தபின் அவர் என்ன செய்தார் என்று கேட்டால் பாதிக்கு மேற்பட்ட பெயர்களுக்கு மாணவியரிடம் விடை இல்லை. அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. செய்திகளும் அப்படித்தானே எழுதப்படுகின்றன. எனவே பெயர்களைக் கேட்பதற்கு முன் உங்களிடம் ஓர் அளவுகோலைக் கேட்கிறேன். நாற்பத்தொன்றைப் பன்னிரண்டாக எதை வைத்துக் குறைப்பது?

பழைய செயலர் எழுதியது:

அம்மா, முப்பத்தோராண்டுகள் ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் அனுபவத்தில் ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு: காசோலையில் யார் கையெழுத்திடுகிறார், அதை யார் சொல்லி இடுகிறார் என்பது.

தமிழ்நாட்டில் 1996ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2016இல் சட்டம் திருத்தப்பட்டு அது பாதியாயிற்று. நான் பணியாற்றிய ஓர் ஊராட்சியில் தலைவரின் கணவர் நாள்தோறும் காலையில் அலுவலகத்துக்கு வந்து, தலைவருக்குரிய நாற்காலியிலேயே அமர்ந்து, மனுக்களை வாங்கிக்கொண்டு, மாலையில் காசோலைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று கையெழுத்து வாங்கி வருவார். கிராமசபைக் கூட்டத் தீர்மானங்களில் அந்த அம்மையாரின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கும். ஆவணத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது பெண் தலைமையில் இயங்கிய ஊராட்சி.

அதே ஊரில் அடுத்த முறை வந்தவர் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி. முதல் மாதமே என்னிடம், "செயலரே, எனக்குப் புரியாத காகிதத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன், படித்துக் காட்டுங்கள்" என்றார். எனக்கு வேலை இரண்டு மடங்காயிற்று என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஐந்தாண்டு முடிவதற்குள் ஒப்பந்தப் புள்ளிக் கோப்பை என்னைவிட விரைவாகப் படிக்கப் பழகிவிட்டார். 'முதல் பெண் தலைவர்' என்று உங்கள் மாணவியர் எழுதினால் எங்கள் ஊரில் முன்னவரின் பெயர்தான் வரும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் சட்டப்படி ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் இருவருமாகக் கையெழுத்திட வேண்டும். பட்டியல் சமூகத்துப் பெண் தலைவராக வந்துவிட்ட ஊர்களில், துணைத்தலைவர் கையெழுத்திட மறுப்பது ஒன்றே போதும், துப்புரவுத் தொழிலாளர் சம்பளம் முதல் குடிநீர்க் குழாய் பழுதுபார்ப்பு வரை எல்லாம் நின்றுபோகும். 2020இல் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சித் தலைவர் கூட்டத்தின்போது தரையில் அமர்ந்திருந்த படம் நாடெங்கும் பரவியது நினைவிருக்கும். படம் எடுக்க முடிந்த அவமதிப்பு அது. கையெழுத்தை நிறுத்திவைக்கும் அவமதிப்பைப் படம் எடுக்க முடியாது.

நெல்லையான் எழுதியது:

பழைய செயலர் ஐயாவின் கூற்றை ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து நேர்மாறான முடிவுக்கும் வரலாமே. இடஒதுக்கீட்டால் வந்த நாற்காலியில் கணவர் அமர்கிறார் என்றால், ஒதுக்கீடு வெறும் பெயரளவில் நிற்கிறது என்றுதானே பொருள்? 2023இல் நிறைவேறிய 106ஆவது அரசமைப்புத் திருத்தம் மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு அளித்தாலும், அங்கும் மனைவியரும் மகள்களும்தாம் வருவார்கள் என்பது என் அச்சம். ஒதுக்கீட்டில் வந்தவர்களைப் பலகையில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

காவிரிக்கரை எழுதியது:

நெல்லையான் அவர்களுக்கு: நீங்கள் கூறும் கணவர் ஆட்சி உண்மையே, ஆயினும் அது முழு உண்மை அன்று. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் இராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்திலும் தலைவர் பதவி எந்த ஊரில் பெண்ணுக்கு ஒதுக்கப்படுகிறது என்பது குலுக்கல்போல் அமைந்ததால், ஒதுக்கப்பட்ட ஊர்களையும் ஒதுக்கப்படாத ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க இயன்றது. இராகவேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் டுஃப்லோவும் 2004இல் வெளியிட்ட அந்த ஆய்வில், பெண் தலைவர் அமைந்த ஊர்களில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிடப்பட்டிருந்தது தெரியவந்தது. குடிநீர் வேண்டுமென்று முறையிட்டவர்களுள் மிகுதியானோர் பெண்களே என்பதும் அதே ஆய்வில் உள்ளது. கையெழுத்து முழுவதும் கணவருடையதாகவே இருந்திருந்தால் அந்த வேறுபாடு தோன்றியிருக்காது.

மேலும், ஒதுக்கீடு இல்லாத இடத்தில் நிலை என்ன? 2021 தேர்தலில் தமிழ்நாட்டுப் பேரவையின் 234 இடங்களில் பெண்கள் 12 பேர். 2024இல் மக்களவையின் 543 இடங்களில் 74 பேர். நீங்கள் சொல்லும் புதிய திருத்தமோ, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பின்னரே நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையோடு நிறைவேற்றப்பட்டது.

பேரேடு எழுதியது:

தணிக்கையாளராக இருப்பவள் என்ற முறையில், செயலர் ஐயா ஊராட்சியில் கண்டதை நான் நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் கண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் குறைந்தது ஒரு பெண் இயக்குநரையாவது கொண்டிருக்க வேண்டும் என்று கூறியது. கெடு நெருங்கிய 2015 மார்ச்சில் என்ன நடந்தது? பல நிறுவனங்களில் உரிமையாளரின் மனைவி, மகள், மருமகள், சில இடங்களில் தாயார்கூட இயக்குநரானார்கள். சட்டத்தின் எழுத்து காப்பாற்றப்பட்டது. பின்னர்ப் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு, சுயேச்சையான பெண் இயக்குநர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்று சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்தும், முதல் 1000 நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரலிலிருந்தும் விதித்ததற்கு இந்த வீட்டு ஏற்பாடும் ஒரு காரணம்.

கூட்டக் குறிப்பேட்டைப் படிக்கிற எனக்கு ஒரு வழக்கம் உண்டு: யார் எதிர்ப்புத் தெரிவித்தார் என்று தேடுவேன். பெயருக்கு அமர்ந்திருப்பவர் ஒருபோதும் எதிர்ப்பைப் பதிவு செய்வதில்லை. (ஆண்களிலும் அத்தகையோர் ஏராளம் என்பது வேறு கதை.)

நெல்லையான் எழுதியது:

அப்படியானால் மல்லிகா சீனிவாசன் போன்றோரை என்ன செய்வீர்கள்? அவர் நடத்தும் டிராக்டர் நிறுவனமான டாஃபே அவருடைய குடும்ப நிறுவனம். உங்கள் அளவுகோலின்படி அவரும் 'மகள்' தானே?

பேரேடு எழுதியது:

மகள்தான், ஐயா. சிவசைலம் அவர்களின் மகளாக இல்லாதிருந்தால் 1986இல் அந்த நிறுவனத்தின் மேல்மட்டத்தில் நுழைந்திருக்க மாட்டார் என்பதை மறைக்கத் தேவையில்லை. பலகையிலும் அதை எழுதிவிடலாம். ஆனால் எய்ஷரின் டிராக்டர் பிரிவை 2005இல் விலைக்கு வாங்கியபோது, தன் நிறுவனத்தின் அளவோடு ஒப்பிடத்தக்க ஒரு போட்டி நிறுவனத்தை விழுங்கிச் செரிக்கும் முடிவு அது. பெயருக்கு அமர்ந்திருப்பவர் எடுக்கும் முடிவன்று. 2021இல் மைய அரசின் பொதுத்துறை நிறுவனங்களுக்குத் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு வாரியத்தின் தலைவராக, தனியார் துறையிலிருந்து வந்த முதலாமவராக, அவர் நியமிக்கப்பட்டார். எண்ணெய் நிறுவனத்துக்கும் மின் நிறுவனத்துக்கும் யார் தலைவர் என்று பரிந்துரைக்கும் மேசை அது. உங்கள் 'எரிசக்தி' பலகையோடு 'வணிக'ப் பலகை இந்த இடத்தில் இணைகிறது, காவிரிக்கரை.

பட்டறைக்காரி எழுதியது:

நெல்லையான் அண்ணாச்சியிடம் ஒன்று கேட்கிறேன். தொழிலதிபர்களான ஆண்களின் பட்டியலை யாராவது போடும்போது, 'இவருக்கு நாற்காலியை அப்பா கொடுத்தார்' என்று நீங்கள் எப்போதாவது நீக்கியதுண்டா?

நெல்லையான் எழுதியது:

இல்லை. அந்தக் குட்டு எனக்குத் தேவைதான்.

கம்பிவழி எழுதியது:

மின்வாரியத்தில் உயர் அழுத்தப் பாதைப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எரிசக்தித் துறைக்கு மாணவியர் யாரைச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன்: 2014இல் இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் தலைவரான நிஷி வாசுதேவா, 2021இல் எஞ்சினியர்ஸ் இந்தியா நிறுவனத்தின் தலைவரான வர்த்திகா சுக்லா, 2022 ஜனவரியில் ஓ.என்.ஜி.சி.க்குத் தலைமையேற்ற அல்கா மித்தல். மூவரும் தகுதியால் உயர்ந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அல்கா மித்தல் ஏற்றது 'கூடுதல் பொறுப்பு' என்பதை மறக்க வேண்டாம். 1956 முதல் இயங்கும் நிறுவனத்தில் ஒரு பெண் முதன்முதலில் அந்த அறைக்குள் சென்றபோதும் நிரந்தரத் தலைவராகச் செல்லவில்லை. அரசுப் பணியில் இருந்தவர்களுக்குத் தெரியும், கூடுதல் பொறுப்பில் இருப்பவரின் மேசைக்குக் கடினமான கோப்புகள் வராமல் காத்திருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது இவர்களைப் பற்றியன்று. அ. லலிதா என்ற பெயர் உங்கள் நாற்பத்தொன்றில் இருக்கிறதா?

சென்னையில் 1919இல் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்தவர். பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில், கையில் சில மாதக் குழந்தையோடு கைம்பெண் ஆனார். அக்காலத்தில் அத்தகைய பெண்ணுக்கு வீட்டின் பின்கட்டுதான் உலகம். அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளை அங்கேயே சேர்க்க வேண்டுமென்று கல்லூரி முதல்வரிடமும் கல்வித் துறையிடமும் வாதாடி இசைவு பெற்றார். லலிதாவைத் தொடர்ந்து திரேசியா, லீலாம்மா என்ற இருவர் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். போர்க்காலத்தில் படிப்புக் காலம் சுருக்கப்பட்டதால் மூவரும் 1943இல் ஒன்றாகவே தேறினர். ஆண்களுக்கென்றே அச்சடித்து வைத்திருந்த சான்றிதழில் 'அவன்' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை மையால் அடித்து, 'அவள்' என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

பின்னர் 1948இல் கல்கத்தாவில் ஒரு பிரிட்டிஷ் மின்கருவி நிறுவனத்தின் பொறியியல் பிரிவில் சேர்ந்து, மின்பாதைகளையும் துணைமின் நிலைய அமைப்புகளையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் திட்டத்தின் மின்பாதைகள் அவற்றுள் அடங்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அணைதான் கண்ணில் படும். சட்லெஜ் ஆற்றின் குறுக்கே ஏறத்தாழ 226 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்பதைப் படம் எடுக்காதவர் இல்லை. ஆனால் அங்கே பிறக்கும் மின்சாரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வயலுக்கும் ஆலைக்கும் வந்து சேர வேண்டுமானால், ஒரு கோபுரத்துக்கும் அடுத்த கோபுரத்துக்கும் எவ்வளவு இடைவெளி, கோடை வெயிலில் கம்பி நீண்டு எவ்வளவு தொய்யும், தொய்ந்த நிலையிலும் தரைக்கு மேல் எவ்வளவு உயரம் எஞ்சும், புயற்காற்று பக்கவாட்டில் தள்ளினால் கோபுரத்தின் கால் தாங்குமா என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுத் தாளில் வரைய ஒருவர் இருக்க வேண்டும். கணக்கில் ஒரு பிழை நேர்ந்தால் கம்பி அறுந்து விழும் இடத்தில் ஆள் இருப்பான். முப்பது ஆண்டுகள் அந்தக் கணக்கைப் போட்டவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

1964இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர், அறிவியலாளருக்கான முதல் பன்னாட்டு மாநாடு கூடியபோது, அதை நடத்திய பெண் பொறியாளர் சங்கத்துக்கு இந்தியாவில் கிளை எதுவும் இல்லாததால் தனிநபராகவே சென்று கலந்துகொண்டார். எந்த நிறுவனத்துக்கும் தலைவராக அவர் இருந்ததில்லை. எந்தக் காசோலையிலும் அவர் கையெழுத்து இல்லை. செயலர் ஐயாவின் அளவுகோலை அப்படியே வைத்தால் இவர் தவறிவிடுவார். ஆனால் வரைபடத்திலும் கையெழுத்து இருக்கிறது, ஐயா.

பழைய செயலர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். காசோலை என்று நான் சொன்னது எனக்குத் தெரிந்த காகிதம் அது ஒன்றே என்பதால். முடிவுக்குப் பொறுப்பேற்கும் எந்தக் கையெழுத்தும் கணக்கில் வரட்டும். உடன் படித்த திரேசியா அவர்கள் பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மணிநகர்வாசி எழுதியது:

கையெழுத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் எழுதுகிறேன். அகமதாபாத்தின் மணிநகரில் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்கிறோம். ஆலை வேலைக்காக என் பாட்டனார் வந்தார். எனவே இந்த ஊர்க் கதை ஒன்றை உரிமையோடு சொல்லலாம் என்று நினைக்கிறேன். உங்கள் நான்கு துறைகளிலும் ஒரே நேரத்தில் நிற்கக்கூடிய ஒருவர் இருக்கிறார் என்றால், அவர் இலா பட்.

நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவுக்கு 1968இல் பொறுப்பேற்ற வழக்கறிஞர் அவர். துணிச் சந்தையில் தலைச்சுமை தூக்கும் பெண்கள், கைவண்டி இழுக்கும் பெண்கள், ஆலைக் கழிவுத் துணியில் மெத்தை உறை தைக்கும் பெண்கள் எல்லாம் அவரிடம் வந்தபோது, இவர்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் வேண்டுமென்று விண்ணப்பித்தார். தொழிலாளர் துறை மறுத்தது. முதலாளி யார் என்றே இல்லாதபோது எவரை எதிர்த்துச் சங்கம் என்பது அதிகாரிகளின் கேள்வி. சங்கம் என்பது முதலாளிக்கு எதிராக மட்டுமன்று, தொழிலாளர் தமக்குள் ஒன்றுபடுவதற்காகவும்தான் என்று மாதக்கணக்கில் வாதிட்டு, 1972 ஏப்ரலில் 'சேவா' சங்கத்தைப் பதிவு செய்தார்கள்.

பெண்களின் முதல் தேவை கடன். அன்று வங்கிகள் தேசியமயமாகி ஐந்தாண்டுகூட ஆகவில்லை. ஆனால் அழுக்குப் புடவையோடு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் பெண்ணை எந்த வங்கி எழுத்தரும் ஏறெடுத்துப் பார்க்கத் தயாராக இல்லை. எனவே சொந்த வங்கி என்ற எண்ணம் எழுந்தது. ஆளுக்குப் பத்து ரூபாய்ப் பங்காக நாலாயிரம் பெண்கள் பணம் சேர்த்தார்கள். கூட்டுறவுப் பதிவுக்கு நிறுவன உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும் என்ற நிலை வந்தபோது, எழுத்தறியாத அந்தப் பெண்கள் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்து தம் பெயரை எழுதிப் பழகினார்கள். 1974இல் வங்கி பதிவாயிற்று. கையெழுத்திடத் தெரியாத வாடிக்கையாளர்களுக்காகக் கணக்குப் புத்தகத்தில் புகைப்படம் ஒட்டும் வழக்கத்தை அது ஏற்படுத்தியது. நீங்கள் இங்கே அளவுகோலாகப் பேசிக்கொண்டிருக்கும் கையெழுத்தை, அவர்கள் இரவெல்லாம் கண்விழித்து எழுதிப் பழகினார்கள்.

அரசியலில் அவருடைய இடம் நியமனம்தான்: 1986 முதல் 1989 வரை மாநிலங்களவை உறுப்பினர். அந்தக் காலத்தில் சுயதொழில் பெண்களுக்கான தேசிய ஆணையத்துக்குத் தலைமைதாங்கினார். அதன் அறிக்கை 1988இல் வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கான பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கை 1996இல் நிறைவேறியதிலும், தெருவோர வணிகர் பாதுகாப்புச் சட்டம் 2014இல் வந்ததிலும் சேவாவின் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. முன்னதை இந்தியா இன்னும் ஏற்புச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1981இல் குஜராத்தில் இடஒதுக்கீட்டுக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது அவர் தலித்துகளின் பக்கம் பேசினார். அதற்காகத் தாய்ச் சங்கமே சேவாவை வெளியேற்றியது. நெல்லையான் கவனிக்க வேண்டிய பகுதி இது.

எரிசக்திக்கு வருகிறேன். கட்ச் சிறு ரண் பாலைவனத்தில் அகரியா எனப்படும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்கள் ஆண்டில் ஏறத்தாழ எட்டு மாதங்கள் தங்கி, தரைக்கடியில் உள்ள உவர்நீரை இறைத்துப் பாத்திகளில் காயவைத்து உப்பெடுக்கின்றன. நீரை இறைக்க டீசல் எந்திரம். டீசலுக்குப் பணம் இல்லாததால் பருவத் தொடக்கத்திலேயே வணிகரிடம் முன்பணம். முன்பணம் கொடுத்தவருக்கே உப்பு, அதுவும் அவர் சொல்லும் விலைக்கு. உப்புக்குக் கிடைக்கும் தொகையில் பெரும்பகுதி டீசலுக்கே போய்விடும். அடுத்த ஆண்டும் கையில் பணமின்றித்தான் பாலைவனத்துக்குள் நுழைவார்கள். சேவா அந்தப் பெண்களுக்கு அளித்தது சூரிய ஒளியில் இயங்கும் பம்பும், அதை வாங்கக் கடனும். பகலில் வெயில் இலவசம். இரவுக்கும் மேகமூட்ட நாட்களுக்கும் டீசல் எந்திரம் இன்னும் ஓரமாக இருக்கிறதுதான், ஆனால் வாங்க வேண்டிய டீசலின் அளவு வெகுவாகக் குறைந்தவுடன் முன்பணத்தின் பிடியும் தளர்ந்தது. பம்பை மட்டும் கொடுத்திருந்தால் அது ஒரு நலத்திட்டமாக முடிந்திருக்கும். பெண்ணின் பெயரிலேயே கடனும் தவணையும் இருந்ததால் பம்பு அவளுடைய சொத்தாயிற்று.

இலா பட் 2022 நவம்பரில் மறைந்தார். சங்கம் இன்று இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு இயங்குகிறது.

பட்டறைக்காரி எழுதியது:

மணிநகர்வாசி எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தேன். சென்னையை அடுத்த ஒரு தொழிற்பேட்டையில் பதினாறு ஆண்டுகளாக உலோகத் தகடு வேலை செய்யும் பட்டறை நடத்துகிறேன். முதன்முதலில் வங்கிக்குச் சென்றபோது மேலாளர் என் திட்ட அறிக்கையைத் திறக்கவே இல்லை. "வீட்டுக்காரரை அழைத்து வாருங்கள், பேசலாம்" என்றார். வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியர். கடைசல் எந்திரத்துக்கும் அரைவை எந்திரத்துக்கும் வேறுபாடு அறியாதவர். அவர் வந்து அமர்ந்தபிறகு என் தொழிலைப் பற்றிய கேள்விகள் அனைத்தும் அவரிடமே கேட்கப்பட்டன. அவர் ஒவ்வொரு கேள்விக்கும் என் பக்கம் திரும்பினார். நான் விடை சொன்னேன். மேலாளர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். நாடகம்போல் இருந்தது.

தொழில்முனைவோருக்குத் துணை என்று பேசும்போது இரண்டு வேறு உலகங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, சுய உதவிக் குழு. அதன் வரலாறு தமிழ்நாட்டில் பெருமைக்குரியது: மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது, 1989இல் தருமபுரியில் குழுக்கள் உருவாயின, 1997-98இல் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் விரிந்தது. அங்கே பிணை என்பது பக்கத்தில் அமர்ந்திருக்கும் பத்துப் பெண்களின் சொல். ஆனால் அந்தக் கடன் மாடு வாங்கவும் கடை வைக்கவும் போதுமே தவிர, எந்திரம் வாங்கப் போதாது. பாதி வேளைகளில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகவும் மாறிவிடும். அதில் தவறில்லை, ஆனால் அதைத் தொழில்முனைவு என்று கணக்கெழுதக் கூடாது.

மற்றொன்று, என்னைப் போன்றவர்களின் உலகம். எனக்கு வேண்டியது ஐம்பதாயிரம் அன்று, நாற்பது லட்சம். அதற்கு வங்கி கேட்பது சொத்து. சொத்து யார் பெயரில் இருக்கிறது? தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமே மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை கொடுத்தது. நாட்டின் பெரும்பாலான மற்றப் பகுதிகளுக்கு 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் கொடுத்ததை அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, சீர்வரிசையோடு புறப்பட்டு வந்தவள்தான் நானும். பத்திரத்தில் கையெழுத்திட்டபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அந்த இடத்தின் இன்றைய மதிப்பைப் பிணையாக வைத்திருந்தால் என் பட்டறை பத்தாண்டு முன்னதாகவே இரண்டாவது கூடத்தைக் கட்டியிருக்கும். கையெழுத்து என்றால் பெருமைக்குரியதாகவே எல்லோரும் எழுதுகிறீர்கள். நம் பெண்கள் மிக அதிகமாகப் போடும் கையெழுத்து விடுதலைப் பத்திரத்தில்தான்.

பிணையில்லாக் கடனுக்கு உத்தரவாதம் தரும் நிதியம் 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. 2016இல் தொடங்கிய 'ஸ்டாண்ட் அப் இந்தியா' திட்டமும், வங்கிக் கிளை ஒவ்வொன்றும் ஒரு பெண்ணுக்காவது பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை கடன் தர வேண்டும் என்றது. நிறுவனத்தில் 51 விழுக்காடு பங்கு அவளிடம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த 51ஐயும் பெயருக்கு மனைவியிடம் வைத்துவிட்டுக் கடனுக்கு வந்த ஆண்களை எங்கள் பேட்டையிலேயே காட்டுவேன். பேரேடு அம்மா சொன்ன இயக்குநர் கதைதான், கூரை மட்டும் தகரம்.

பேரேடு எழுதியது:

அந்தக் கடைசி வரியை நான் களவாடிக்கொள்ளப் போகிறேன்.

விடுதலைப் பத்திரத்தைப் பற்றி நீங்கள் எழுதியது என்னையும் சுடுகிறது. நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தணிக்கையாளராகத் தேர்ச்சி பெற்ற பிறகு.

நெல்லையான் எழுதியது:

இலா பட்டுக்கு இணையாகத் தமிழ்நாட்டில் எவரும் இல்லையா?

காவிரிக்கரை எழுதியது:

ஜெயா அருணாசலம் இருக்கிறார். காங்கிரஸ் கட்சியில் பல ஆண்டுகள் பணியாற்றியவர், சென்னைச் சேரிப் பகுதிகளில் வெள்ள நிவாரண வேலை செய்தபோது அந்தப் பெண்களுக்கு வேண்டியது நிவாரணப் பொட்டலம் அன்று, கந்துவட்டியிலிருந்து விடுபடச் சிறு முதல் என்று கண்டு, கட்சி அரசியலை விட்டு விலகி 1978இல் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். முதலில் வங்கிகளின் வழியாகக் கடன் பெற்றுத் தந்தார்கள். பூ விற்பவளுக்கும் மீன் விற்பவளுக்கும் வங்கியின் வேலை நேரமும் படிவங்களும் ஒத்துவராததால் 1981இல் சொந்தக் கூட்டுறவையே அமைத்தார்கள். ஏறத்தாழ இதே தடத்தில் இலா பட்டும் நடந்திருக்கிறார். 2019இல் அவர் மறைந்தபோது என் மாணவியர் ஒருவருக்கும் அவரைத் தெரிந்திருக்கவில்லை.

அரசியல் பலகையில் முத்துலட்சுமி ரெட்டியை நான் முதலில் நீக்கியிருந்தேன், எல்லாச் சுவர்களிலும் ஏற்கெனவே இருக்கிறார் என்பதற்காக. இந்த இழையைப் படித்தபின் மீண்டும் சேர்க்கிறேன், ஆனால் 'முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்' என்ற தலைப்போடு அல்ல. சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவராக 1927இல் இருந்தவர், தேவதாசி முறைக்கு எதிராக அவையில் தொடங்கிவைத்த போராட்டம் சட்டமாக முடிந்தது 1947இல்தான். இடையில் 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்திருந்தார். பதவி மூன்றாண்டு, வேலை இருபதாண்டு. அடையாற்றில் அவர் தொடங்கிய அவ்வை இல்லமும் 1954இல் அமைத்த புற்றுநோய் நிலையமும் இன்றும் இயங்குகின்றன.

இப்போதைய நிலையில் பன்னிரண்டில் எட்டு முடிவாகிவிட்டன. ஒன்பதாவது பலகைக்கு ஓர் எண்ணம் தோன்றியிருக்கிறது: யார் படமும் இல்லாமல், பழைய செயலர் ஐயா சொன்ன, "எனக்குப் புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன்" என்ற சொற்களை மட்டும், ஊரும் பெயரும் குறிப்பிடாமல், ஓர் ஊராட்சித் தலைவர் கூறியது என்று எழுதலாமா? ஐயாவின் இசைவு வேண்டும்.

பழைய செயலர் எழுதியது:

இசைவு தர வேண்டியவர் நானல்லன், அவர்தான். இரண்டு நாட்களில் நேரில் சென்று கேட்டுவிட்டு எழுதுகிறேன். என்ன எழுதப் போகிறீர்கள் என்பதை முழுமையாக அனுப்பிவையுங்கள். படித்துக் காட்டாமல் அவரிடம் இசைவு வாங்க முடியாது.

காவிரிக்கரை எழுதியது:

இன்றிரவே அனுப்புகிறேன், ஐயா. கம்பிவழி அவர்களுக்கும் ஒரு கேள்வி. லலிதா அவர்களின் பலகையில் 'மின்செலுத்துத் தொடர்' என்று எழுதியிருக்கிறேன். மாணவியருக்குப் புரியுமா என்று ஐயமாக இருக்கிறது. வாரியத்தில் என்ன சொல்வீர்கள்?

கம்பிவழி எழுதியது:

வாரியத்தில் 'டவர் லைன்' என்போம். பலகையில் 'உயர் அழுத்த மின்பாதை' என்று எழுதுங்கள். கோபுரத்தின் படம் வைப்பதானால் கம்பி நன்றாகத் தொய்ந்து தெரியும் படமாகத் தேர்ந்தெடுங்கள்; அவர் கணக்கிட்டது அந்தத் தொய்வைத்தான்.